துரைராஜா சேரைப் பற்றி ஏ.எல் பிள்ளையளுக்கு சைக்கிளைத் தாண்டி என்ன சொல்லலாம்?

விசுவமடு ரீச்சர்

வணக்கம் எல்லாருக்கும். நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில ஏ.எல் எண்ட உயர்தர வகுப்பில தொழில்நுட்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறன். ஜூன் 11 யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர முன்னாள் துணைவேந்தர் பேராசிரியர் அழகையா துரைராஜா சேர் காலமான நாள், அதுக்கு பிள்ளையளைக் கொண்டு ஒரு சுவர்க் காட்சியும் காலமைப் பிரார்த்தனையில ஒரு சின்னப் பேச்சும் செய்யலாமெண்டு இருக்கிறம். எங்கட பெடியளில கொஞ்சப் பேருக்கு கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடத்துக்கோ தொழில்நுட்ப பீடத்துக்கோ போறதுதான் கனவு, பஸ்ஸில கிளிநொச்சிக்குப் போற நேரமெல்லாம் அந்தக் கட்டடங்களை எட்டிப் பாத்துக்கொண்டு போறதுகள், ஆனா அந்தப் பீடத்தோட சேத்து எல்லாரும் சொல்லுற பேர் ஆற்றை எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

நெற்றில தேடினா திரும்பத் திரும்ப வாறது ஒரே விசயம்தான், துணைவேந்தரா இருந்தும் சைக்கிள்ளதான் கம்பஸுக்குப் போனவர் எண்டு. அது நல்ல விசயம்தான், நான் குறைச்சுச் சொல்லேல்ல. ஆனா பிள்ளையள் என்னட்டக் கேக்குதுகள், ரீச்சர் அந்த நேரம் எல்லாரும் சைக்கிள்தானே, எங்கட அம்மப்பாவும் சைக்கிள்தானே, பிறகேன் இவரைப் பெரிசாக் கதைக்கினம் எண்டு. நியாயமான கேள்வி. அவர் என்ன ஆராய்ச்சி செய்தவர், அதை ஏ.எல் பிள்ளைக்கு விளங்கிற மாதிரி எப்பிடிச் சொல்லுறது, துணைவேந்தரா இருந்து என்ன செய்தவர், இதெல்லாம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விபரமா எழுதுங்கோ. நீளமா இருந்தாலும் பரவாயில்லை, நான் இருந்து வாசிப்பன்.

குளக்கட்டுக்காரன்

ரீச்சர், உங்கட பிள்ளையள் கேட்டது சரியான கேள்வி, அதுக்காகவே இதை எழுதுறன். நான் சிவில் எஞ்சினியர், கிளிநொச்சியிலதான் வேலை, மண்ணோடதான் என்ர சீவியம், அதால அந்தப் பக்கத்தைச் சொல்லுறன்.

முதல்ல சுருக்கமா வாழ்க்கை. 1934 நவம்பர் 10 பிறந்தவர், வடமராட்சிப் பக்கம். உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரி, பிறகு பருத்தித்துறை ஹாட்லி. இலங்கைப் பல்கலைக்கழகத்தில சிவில் எஞ்சினியரிங் செய்து 1957 இல பட்டம், அந்த நேரம் பொறியியல் பீடம் கொழும்பில இருந்தது, பேராதனைக்குப் போனது 1964 இல. அங்கயிருந்து கேம்பிரிட்ஜ், 1962 இல பிஎச்டி. திரும்பி வந்து பேராதனையில படிப்பிச்சு, சிவில் பேராசிரியராகி, பொறியியல் பீடத்துக்குப் பீடாதிபதியாவும் இருந்தவர். 1988 இல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1994 வரைக்கும் அந்தக் கதிரையிலதான், அதே வருசம்தான் காலமானவர்.

இப்ப ஆராய்ச்சிக்கு வாறன். இதிலதான் நான் நிண்டு கதைக்க விரும்புறன், ஏனெண்டா எங்கட சனத்துக்கு இது தெரியாமலே போட்டுது.

1950களின்ர கடைசியில கேம்பிரிட்ஜில கென்னத் ரொஸ்கோ எண்டவர் ஒரு மண் பொறியியல் குழுவை நடத்திக்கொண்டிருந்தவர், அதில அண்ட்ரூ ஸ்கோஃபீல்ட் எண்ட இன்னொருத்தர், அவையோட எங்கட சேர். இந்த மூண்டு பேரின்ரயும் பேரில 1963 இல ஜியோடெக்னிக் எண்ட சஞ்சிகையில ஒரு கட்டுரை வந்தது, ஈரக் களிமண் எந்தக் கட்டத்தில விட்டுக்குடுக்கும் எண்டதைப் பற்றி. உலகத்தில மண் பொறியியல் படிக்கிற ஆற்றை புத்தகத்தைத் திறந்தாலும் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா எண்டு அந்த மூண்டு பேரும் ஒண்டா வரும். அதிலயிருந்துதான் களிமண் எப்பிடி நடந்துகொள்ளும் எண்டு கணக்கில சொல்லுற கேம் கிளே எண்ட மொடல் வந்தது. இண்டைக்கு சுரங்கப்பாதை தோண்டுறவன், துறைமுகம் கட்டுறவன், மேம்பாலத்துக்கு அத்திவாரம் போடுறவன் எல்லாரும் கொம்பியூட்டரில போட்டுப் பாக்கிற மென்பொருளுக்குள்ள அந்தச் சிந்தனை கிடக்கு.

அவர் செய்த பங்கு என்னெண்டு பிள்ளையளுக்குச் சொல்ல, முதல் பரிசோதனையைக் காட்டுங்கோ. மூவச்சுப் பரிசோதனை எண்டு சொல்லுறது. கயோலின் எண்ட வெள்ளைக் களிமண், எங்கட நாட்டில பொரலஸ்கமுவவில கிண்டி எடுக்கிற அதே சாதி மண், அதில ஒரு சின்ன உருளை செய்யிறது. இப்ப எங்கட லாப்பில செய்யிறது 38 மில்லிமீற்றர் விட்டம் 76 மில்லிமீற்றர் உயரம், உள்ளங்கையில வைக்கலாம். அதுக்கு மெல்லிய றப்பர் உறை மாட்டி, மேலயும் கீழயும் தண்ணி போய்வரக்கூடிய கல்லு வைச்சு, றப்பர் வளையத்தால இறுக்கி, கண்ணாடி மாதிரி ஒரு சிலிண்டருக்குள்ள வைச்சு சுத்திவர தண்ணியால அமத்திறது. நிலத்துக்குக் கீழ இருக்கிற மண்ணைச் சுத்தி மண் அமத்திறது மாதிரி. பிறகு மேலயிருந்து மெது மெதுவா நெரிக்கிறது. அப்ப மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியில வரும், அது ஒரு பியூரெட்டில ஏறும், கெமிஸ்ட்ரி லாப்பில பிள்ளையள் பிடிக்கிற அதே பியூரெட் மாதிரித்தான். மில்லிலீற்றரில பத்தில ஒரு பங்கு ஏறினாலும் எழுதோணும். இப்ப சென்சர் பூட்டினா கொம்பியூட்டர் தானா எழுதும், அந்த நேரம் ஆள் பக்கத்தில இருந்து பாத்து எழுதிறது. களிமண் எண்டபடியா அவசரப்படுத்தவும் ஏலாது, வேகமா நெரிச்சா தண்ணி வெளியேற நேரம் காணாது, அளவு பிழைச்சுப்போம்.

சரி, இப்ப கேள்வி. மேலயிருந்து நெரிக்கிறதில நாங்கள் ஒரு சக்தியைச் செலவழிக்கிறம். அந்தச் சக்தி எங்க போகுது? கொஞ்சம் மண் சுருங்கிறதுக்குப் போகுது. கொஞ்சம் ஸ்பிரிங்கில மாதிரி மண்ணுக்குள்ள சேந்து நிக்குது, விட்டா திரும்பி வரும். மிச்சம் மண்துணிக்கையள் ஒண்டோடொண்டு உரசி வெப்பமாப் போகுது. சேர் என்ன செய்தவரெண்டா பரிசோதனைத் தரவுகளை எடுத்து, சுருக்கத்துக்குப் போனதைக் கழிச்சு, சேமிச்சு நிண்டதைக் கழிச்சு, மிச்சத்தைப் பாத்தவர். அந்த மிச்சம் ஒரு எளிய விதிக்குள்ள வந்து விழுந்தது. சராசரி அமுக்கத்தை எவ்வளவு தூரம் மண் சறுக்கினதோ அதால பெருக்கி, ஒரு மாறிலியாலயும் பெருக்கினா அது வரும். அவ்வளவுதான். தண்ணி வெளியேற விட்டுச் செய்த பரிசோதனையிலயும் அதே விதி, தண்ணியை அடைச்சு வைச்சுச் செய்ததிலயும் அதே விதி. பாத்தா வேற வேறயாத் தெரியுற ரெண்டு நடத்தைக்கு அடியில ஒரே உராய்வு இருக்கு எண்டு காட்டினது பெரிய வேலை. ஸ்கோஃபீல்ட் பிற்காலத்தில எழுதேக்கையும் துரைராஜாவின்ர இந்தக் கணக்கை பேர் சொல்லி எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இது வன்னிப் பிள்ளைக்கு ஏன் விளங்கும் எண்டா, அதுகள் வயலுக்க நிண்ட பிள்ளையள். இரணைமடுக் குளத்துத் தண்ணி வாய்க்காலால வந்து சேறடிக்கிற நேரம் வயலுக்க காலை வைச்சா கால் புதையும், மண் நழுவி விலகும். அதே மண்ணை அளவான ஈரத்தில தட்டுத் தட்டாப் போட்டு ரோலரால உருட்டினா அதுக்கு மேல லொறி போகும். குளக்கட்டு எண்டது அதுதானே. ரெண்டும் ஒரே மண், எவ்வளவு தண்ணி, எவ்வளவு நெருக்கம் எண்டதுதான் வித்தியாசம். இளகின மண்ணுக்கு மேல அவசரமா கட்டை உயத்தினா உள்ளுக்க இருக்கிற தண்ணிக்கு வெளியில போக நேரம் இல்லை, தண்ணியின்ர அமுக்கம் ஏறும், மண்ணின்ர பலம் குறையும், கட்டு சரியும். எவ்வளவு உயத்தலாம், எவ்வளவு வேகமா உயத்தலாம் எண்டு முன்கூட்டியே கணிக்கிறதுக்கு கேம்பிரிட்ஜில அண்டைக்குச் செய்த வேலை அடி. இதை விட்டுட்டு சைக்கிளை மட்டும் சொன்னா பிள்ளைக்கு அவர் ஒரு நல்ல மனுசன் எண்டு மட்டும்தான் தெரியும்.

கொம்படி வழி

மேல எழுதின எஞ்சினியர் தம்பிக்கு நன்றி, மண்ணின்ர கதை எனக்கும் இப்பதான் வடிவா விளங்குது. ஆனா தம்பி, சைக்கிளை அப்பிடித் தள்ளி வைக்கவும் ஏலாது. நான் 90களின்ர தொடக்கத்தில யாழ் கம்பஸில கலைப்பீடத்தில படிச்சனான், சொந்த இடம் வட்டக்கச்சி. அந்தக் காலம் என்னெண்டு தெரிஞ்சாத்தான் அந்தச் சைக்கிளுக்கு அர்த்தம் விளங்கும், அதை ரீச்சரின்ர பிள்ளையளுக்குச் சொல்லோணும்.

அவர் வந்த நேரத்தைப் பாருங்கோ. 1987 ஒக்ரோபரில இந்தியப் படைக்கும் புலிகள் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கினதே கம்பஸ் பக்கத்தால, ஹெலியில கொமாண்டோக்கள் வந்து இறங்கினது பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில. அடுத்த வருசம் இவர் துணைவேந்தர். 1989 செப்ரெம்பர் 21 இல மருத்துவ பீடத்தின்ர உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம வீட்டுக்குப் போற வழியில சுட்டுக் கொல்லப்பட்டா. அப்பிடி ஒரு நிலைமையில ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாறது எண்டா என்னெண்டு யோசிச்சுப் பாருங்கோ. 1990 மார்ச்சில இந்தியப் படை போக, ஜூனில திரும்பச் சண்டை. ஆனையிறவால பாதை மூடினாப் பிறகு கொம்படி ஊரியான் வழி சேத்துக்கயும் தண்ணிக்கயும், பிறகு கிளாலிக் கடல்நீரேரியில இரவில வள்ளம். 1993 தொடக்கத்தில கிளாலியில வள்ளத்தில போன சனம் கொல்லப்பட்டது எங்கட ஊரில எல்லா வீட்டுக்கும் தெரியும். லீவுக்கு வீட்ட வாறதெண்டா எங்களுக்கு அதுதான் வழி, அம்மா நான் வந்து சேருமட்டும் நித்திரை கொள்ளமாட்டா.

கரண்ட் இல்லை. பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, பற்றறி இல்லை, எல்லாம் தடைப்பட்டியல். படிக்கிறது ஜாம் போத்தல் விளக்கில. அதை இப்பத்தப் பிள்ளையள் கண்டிராதுகள். போத்தலுக்கு அடியில பஞ்சு, அதில கொஞ்சமா மண்ணெண்ணெய், கம்பியில தொங்கவிட்ட ஒரு மெல்லிய திரி, போத்தல் வாய்க்குள்ளயே சின்னனா எரியும், காத்துக்கு நூராது, எண்ணெயும் கனக்கக் குடிக்காது. அந்த வெளிச்சத்தில நாலு பேர் ஒரு நோட்ஸைச் சுத்திப் படுத்துக் கிடந்து படிச்சம். ரேடியோவில செய்தி கேக்கிறதெண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைச் சுத்த டைனமோவில ரேடியோ வேலை செய்யும்.

இப்ப அந்த இடத்தில துணைவேந்தரை வைச்சுப் பாருங்கோ. காசு வரவேண்டியது கொழும்பிலயிருந்து, மானியங்கள் ஆணைக்குழு கொழும்பில, மற்றத் துணைவேந்தர்மாரோட கூட்டம் கொழும்பில. லாப்புக்கு கெமிக்கல் வேணும், பரீட்சைக்குப் பேப்பர் வேணும், படிப்பிக்க ஆள் வேணும், ஆக்களோ ஒவ்வொருத்தரா வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் போய்க்கொண்டிருக்கினம். அதுக்குள்ளயும் லெக்சர் நடந்தது, பரீட்சை நடந்தது, பிந்தினாலும் நடந்தது, நாங்கள் பட்டத்தோட வெளியில வந்தம். அந்தப் பட்டத்தைக் கொண்டுதான் நான் வேலை எடுத்தன், என்ர தம்பி தங்கச்சியைப் படிப்பிச்சன்.

இந்த மனுசன் விரும்பியிருந்தா உலகத்தில எந்தக் கம்பஸிலயும் போய் இருந்திருக்கலாம். கேம்பிரிட்ஜ் பிஎச்டி, உலகமே எடுத்துப் படிக்கிற கட்டுரை. அவர் குண்டு விழுற இடத்தில துணைவேந்தரா இருந்து, எல்லாரையும் மாதிரி சைக்கிள் மிதிச்சு வந்தார். எங்கட அப்புவுக்குச் சைக்கிளை விட்டா வேற வழி இல்லை, அவருக்கு வழி இருந்தது. உங்கட பிள்ளையள் கேட்ட கேள்விக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி இதுதான் ரீச்சர்.

அறிவியல்நகர் சிவில்

நான் இஞ்ச இப்ப படிக்கிறன், சிவில். குளக்கட்டு அண்ணை சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. சொயில் மெக்கானிக்ஸ் லெக்சரில கேம் கிளே வரேக்க ஸ்லைட்டில அந்த மூண்டு பேரின்ர பேரும் வந்தது, எங்களில பாதிப் பேருக்கு மூண்டாவது பேர் தமிழ்ப்பேர் எண்டு கண்டு ஒரு சிலிர்ப்பு. பிறகு பாத்தா எங்கட கம்பஸின்ர துணைவேந்தரா இருந்த ஆளே அவர்தான் எண்டு தெரிஞ்சுது. அண்டு இரவு ஹொஸ்ரல்ல வேற கதை இல்லை. நாங்கள் பாவிக்கிற பிளாக்ஸிஸ் மாதிரி சொஃப்ட்வெயரில அந்தக் குடும்பத்து மொடலைத்தான் தெரிவு செய்து ஓட விடுறது. 1968 இல ரொஸ்கோவும் பேர்லண்டும் திருத்தினதுதான் கூடப் பாவனையில இருக்கு, எண்டாலும் அடி இவை போட்டதுதான்.

பட்டமளிப்பில அவற்றை பேரில ஒரு தங்கப்பதக்கம் குடுக்கிறவை, படிப்பு மட்டுமில்லாமல் எல்லாப் பக்கத்தாலயும் சிறந்த பிள்ளைக்கு. ரீச்சர், அதையும் உங்கட பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ, ஒரு இலக்கா இருக்கும்.

பூவரசு

எல்லாம் சரி, ஒண்டு மட்டும் சேத்துச் சொல்லுறன். யாழ் பல்கலைக்கழகத்தை ஒரு ஆள் கட்டினதெண்டு பிள்ளையள் நினைச்சிடக்கூடாது. 1974 இல அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின்ர ஒரு வளாகமாத் தொடங்கேக்க, சேர் பொன்னம்பலம் இராமநாதன் உண்டாக்கின பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடத்தில, முதல் தலைவரா வந்தவர் பேராசிரியர் கைலாசபதி. பத்திரிகையாளரா இருந்து, பேர்மிங்ஹாமில பிஎச்டி செய்து, சங்க இலக்கியத்தை கிரேக்க வீரயுகப் பாட்டுகளோட வைச்சுப் பாத்த பெரிய திறனாய்வாளர். அவருக்குப் பிறகு சு. வித்தியானந்தன், 1979 இல தனிப் பல்கலைக்கழகமானாப் பிறகு முதல் துணைவேந்தர், நாட்டுக்கூத்தை மேடைக்குக் கொண்டுவந்து மட்டக்களப்பு மன்னார் எல்லா இடத்துக் கூத்தையும் மதிப்பாக்கின ஆள். 1974 யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கும் தலைவர் அவர்தான். ரெண்டு பேரும் தமிழ் இலக்கியம் படிப்பிச்ச ஆக்கள். மூண்டாவதா வந்த துரைராஜா எஞ்சினியர். எஞ்சினியரிங் பீடமே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்துக்கு எஞ்சினியர் தலைவர்! அதாலதான் அந்தப் பீடம் வரோணும், அதுவும் கிளிநொச்சியில வரோணும் எண்ட எண்ணம் அவரோட சேத்துச் சொல்லப்படுது. அவரை வைச்சு மற்ற ரெண்டு பேரையும் மறக்கவேண்டாம், அதுதான் என்ர வேண்டுகோள்.

விசுவமடு ரீச்சர்

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல. கொம்படி வழி ஐயா எழுதினதை நாளைக்கு வகுப்பில அப்பிடியே வாசிச்சுக் காட்டப் போறன். பூவரசு சொன்னதும் சரி, மூண்டு பேரின்ர படத்தையும் வைக்கிறம், நடுவில இவர்.

இன்னொரு கேள்வி. பெடியன் ஒருத்தன் கேட்டவன், ஏன் பீடத்தைக் கிளிநொச்சியில போட்டவை, யாழ்ப்பாணத்திலதானே கம்பஸ் எண்டு. நான் காணி எண்டு சொன்னனான். அதுமட்டும்தானா?

குளக்கட்டுக்காரன்

காணி முக்கியம்தான், குறைச்சு நினைக்கவேண்டாம் ரீச்சர். திருநெல்வேலியில சுத்திவர வீடும் தோட்டமும், ஒரு எஞ்சினியரிங் பீடத்துக்கு வேர்க்‌ஷொப் வேணும், நீரியல் லாப் வேணும், சர்வே பழக வெளி வேணும். அதெல்லாம் நெருக்கமான ஊருக்க போடேலாது.

ஆனா முதல்ல விவசாய பீடத்தைப் பாருங்கோ. 1990 இல, அவர் துணைவேந்தரா இருந்த நேரம், அது தொடங்கினது கிளிநொச்சியில. விவசாயம் படிக்கிறவன் இரணைமடுவையும் வயலையும் மேட்டுநிலப் பயிரையும் விட்டுட்டு வேற எங்க படிக்கிறது? யாழ்ப்பாணத்தில செம்பாட்டு மண், கிணத்து இறைப்பு. வன்னியில குளம், வாய்க்கால், துருசு, மானாவாரி. பிறகு யுத்தத்தால பீடம் யாழ்ப்பாணத்துக்குப் போய், யுத்தம் முடிஞ்சாப் பிறகுதான் திரும்பிக் கிளிநொச்சிக்கு வந்தது. அந்த இடைவெளியில போன வருசங்களை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. பொறியியல் பீடம் அதைவிடப் பிந்தி, சேர் இறந்து கிட்டத்தட்ட இருபது வருசத்துக்குப் பிறகுதான் அறிவியல் நகரில வந்தது. இந்திய உதவியில கட்டடங்கள் எழும்பினது.

இன்னொரு விசயம், இது என்ர சொந்த எண்ணம். கிளிநொச்சி எண்டா முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம் நாலுக்கும் நடுவில. உங்கட விசுவமடுப் பிள்ளை காலமை பஸ் ஏறிப் போய் பின்னேரம் வீட்ட வரலாம். அதுவும் பொம்பிளைப் பிள்ளையளை தூரத்துக்கு அனுப்பப் பயப்படுற வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத்தேவையில்லை. வவுனியாவையும் பாருங்கோ, 1991 இல இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாத் தொடங்கி, 1997 இல யாழ் பல்கலைக்கழகத்தின்ர வளாகமாகி, 2021 ஓகஸ்ற்றில வவுனியாப் பல்கலைக்கழகமா தனிய நிக்குது. தொடங்கின நேரம் அதைப் பெரிசா எடுத்தவை குறைவு. ஒரு நிறுவனத்தைச் சின்னனா எண்டாலும் ஒரு இடத்தில ஊண்டி விட்டா அது வளர இருபது முப்பது வருசம் எடுக்குது. நிர்வாகம் செய்யிறவருக்கு அந்தத் தூரப்பார்வை வேணும், சேருக்கு அது இருந்தது.

கொம்படி வழி

அதோட ஒண்டு. ஆராய்ச்சியும் நிர்வாகமும் ரெண்டு வேற வேலை எண்டு சனம் நினைக்குது. அவர் பேராதனையில பீடாதிபதியா இருந்து பழகின ஆள், திறந்த பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் தொழில்நுட்பப் பீடத்திலயும் இருந்தவர், அப்ப பரீட்சை எண்டா என்ன, தரம் எண்டா என்ன எண்டு தெரியும். எங்கட காலத்தில ஒரு ஆசை எல்லாருக்கும் இருந்தது, கஷ்டப்படுற பிள்ளையள்தானே, பேப்பரைக் கொஞ்சம் லேசாக்கினா என்ன எண்டு. அப்பிடி லேசாக்கியிருந்தா எங்கட பட்டத்தை வெளியில ஒருத்தரும் மதிச்சிருக்க மாட்டினம். எழுபதுகளில தரப்படுத்தல் எண்ட பல்கலைக்கழக அனுமதி முறையால கம்பஸ் வாசலுக்கே போகமுடியாமல் நிண்ட எங்கட ஆக்களுக்கு, உள்ளுக்க வந்தாப் பிறகு பட்டமும் பெறுமதி இல்லாமல் போயிருந்தா அதைவிடக் கொடுமை வேற இல்லை. எங்கட பச்சில கனபேர் பிறகு வெளிநாட்டில மேற்படிப்புச் செய்தவை, அங்க ஒரு இடத்திலயும் எங்கட பட்டம் காணாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

முறிகண்டி அக்கா

நான் படிச்ச ஆள் இல்லை, வாசிச்சுக்கொண்டு போனன், எழுதாமல் இருக்க ஏலேல்ல. என்ர மூத்தவள் இப்ப அறிவியல் நகரில தொழில்நுட்ப பீடத்தில ரெண்டாம் வருசம். நாங்கள் 2009 இல எல்லாத்தையும் விட்டுட்டுப் போய் முகாமில இருந்து வந்த குடும்பம். அவள் அஞ்சாம் வகுப்பில படிக்கவேண்டிய நேரம் தறப்பாளுக்கு கீழ இருந்தவள். யாழ்ப்பாணத்திலயோ பேராதனையிலயோ கிடைச்சிருந்தா ரூம் வாடகை சாப்பாடு எண்டு எங்களால ஏலாது, அனுப்பியிருக்க மாட்டம், அதுதான் உண்மை. இப்ப வீட்டில இருந்து போய் வாறாள், பின்னேரம் வந்து தம்பியாருக்கும் கணக்குச் சொல்லிக்குடுக்கிறாள். கிளிநொச்சியில பீடம் வரோணுமெண்டு முதல் நினைச்ச ஆள் ஆரெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அவருக்கு எங்கட வீட்டிலயும் ஒரு விளக்குக் கொழுத்துவம். ரீச்சர், உங்கட பிள்ளையள் செய்யிறதைப் படம் எடுத்துப் போடுங்கோ, மகளுக்குக் காட்டோணும்.

அறிவியல்நகர் சிவில்

ரீச்சர், சுவர்க் காட்சிக்கு ஒரு யோசினை. படமும் எழுத்தும் மட்டும் போட்டா பெடியள் கடந்து போயிடுவாங்கள். பக்கத்தில ஒரு மேசை போடுங்கோ. வயல் களிமண், முடிஞ்சா முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியும் கொஞ்சம், காங்கேசன்துறை சீமெந்துக்கு ஏத்தின அதே மண். ஒரே மண்ணை மூண்டு ஏதனத்தில வையுங்கோ, ஒண்டு தண்ணி கூடி இளகினது, ஒண்டு அளவான ஈரத்தில கையால அமத்திப் பிடிச்சது, ஒண்டு காஞ்சு வெடிச்சது. ஒவ்வொண்டிலயும் ஒரே பாரக் கல்லை வைச்சு எவ்வளவு தாழுது எண்டு அடிமட்டத்தால அளக்கச் சொல்லுங்கோ. பிறகு ஈரக் களியை ஒரு பலூனுக்குள்ள இறுக்கி அடைச்சு வாயைக் கட்டிக் குடுங்கோ, நெரிச்சுப் பாக்கட்டும், இன்னொரு பலூனில ஊசியால சின்ன ஓட்டையள் போட்டு நெரிக்கச் சொல்லுங்கோ, தண்ணி கசியும், கொஞ்ச நேரத்தில மண் இறுகும். றப்பர் உறையும் தண்ணி போற வழியும் அப்பிடித்தான் எண்டு கை சொல்லும்.

குளக்கட்டுக்காரன்

நல்ல யோசினை தம்பி. ரீச்சர், பலூன் மெல்லிசு, களி அடைக்கேக்க வெடிக்கும், பாமசியில விக்கிற றப்பர் கையுறையின்ர விரலை வெட்டி எடுங்கோ, அது தாங்கும். கயோலினும் கேட்டுப் பாக்கிறன், தெரிஞ்ச இடத்தில கொஞ்சம் இருக்கு, ஒரு கிலோ கிடைச்சாக் காணும். பேச்சுக்கு எழுதினதை இஞ்ச போடுங்கோ, ஆண்டுகளையும் மண் பகுதியையும் நான் பாத்துத் தாறன்.

விசுவமடு ரீச்சர்

கட்டாயம். வெள்ளிக்கிழமைக்குள்ள போடுறன். முறிகண்டி அக்கா, உங்கட மகளுக்கு நேரம் இருந்தா அண்டைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்கட பிள்ளையளோட ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ, அதிபரோட நான் கதைச்சுட்டன், அவருக்கும் நல்ல விருப்பம்.

முறிகண்டி அக்கா

கேட்டன் ரீச்சர், வாறன் எண்டு சொல்லிப்போட்டாள். காலமை எத்தினை மணிக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ, பரந்தன் சந்தியில மாறி வரோணும், முதல் பஸ்ஸைப் பிடிக்கோணும்.